ஹாஸ்டல் அறையிலேயே உடற்பயிற்சி தொடங்குவது எப்படி?

பகலெல்லாம் வகுப்பு, மாலையில் ரெக்கார்ட் நோட்டு, இரவு கட்டிலில் சாய்ந்து மொபைல் என்று உட்கார்ந்தே நாளைக் கழிக்கும் கல்லூரிப் பெண்களுக்கு ஜிம் தேவையில்லை, ஒரு நாற்காலியும் சுவரும் போதும். சென்னையில் ஏழு மணிக்கே வியர்த்துக் கொட்டும், அதனால் ஆறு மணிக்கே ஃபேனுக்குக் கீழே தொடங்கிவிடுங்கள்.

முதலில் நாற்காலி. கையை ஊன்றாமல் எழுந்து, மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழக் கூடாது, தொடை இறுகுவது தெரிய வேண்டும். பத்து முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி பத்து. அப்புறம் சுவரில் கை வைத்து பத்து புஷ்-அப். இது வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும்.

மற்றபடி வேகமாக நடங்கள். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், அதைப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தும் நடக்கலாம். மாதவிடாய் நாளில் வலி அதிகமென்றால் விட்டுவிடுங்கள்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன், காலை உணவை விடாதீர்கள். மெஸ் இட்லியோடு அடியில் தங்கிய பருப்பும் வரும்படி சாம்பாரைக் கலக்கி ஊற்றச் சொல்லுங்கள். மாலையில் பஜ்ஜிக்குப் பதில் கொண்டைக்கடலை சுண்டல், மேலே எலுமிச்சை பிழிந்தால் கடலையிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். காபி, டீ அதைத் தடுக்கும், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். படியேறினாலே மூச்சு வாங்குகிறது, அடிக்கடி தலைசுற்றுகிறது என்றால் பயிற்சிக்கு முன்பே டாக்டரைப் பார்த்து ஹீமோகுளோபின் பரிசோதித்துவிடுங்கள்.