நூற்றுக்கு எத்தனை ரூபாய் வட்டி? கடன் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கத்து வீட்டுக்காரர் மூன்று ரூபாய் வட்டிக்குப் பணம் வாங்கினார் என்று கேள்விப்பட்டால், என்ன கஷ்டமோ பாவம் என்போம். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், அதாவது வருடத்துக்கு 36 சதவீதம். அதே நாம் கிரெடிட் கார்டு பாக்கியை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவோம். பல கார்டுகளில் வட்டி மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அது மூன்றரை ரூபாய் வட்டி. ஆனால் அதைக் கடன் என்றுகூட நினைப்பதில்லை. எந்தக் கடனையும் இந்தப் பழைய ரூபாய் வட்டிக் கணக்குக்கு மாற்றிப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதுதான் என் பார்வையில் முதல் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து கிளைப்பவை.

கார்டில் மக்கள் மாட்டுவது ‘மினிமம் டியூ’ என்ற வரியில். பாக்கி 50,000 ரூபாய் என்று வையுங்கள். குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம் என்றால் 2,500 ரூபாய். அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் இல்லை, வங்கியிலிருந்து போனும் வராது. நிம்மதியாக இருக்கும். ஆனால் மூன்றரை சதவீத வட்டி 1,750 ரூபாய்; அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 315 ரூபாய். இரண்டும் போக அசலில் கழிவது வெறும் 435 ரூபாய். இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரிவதில்லை. பாக்கியை முழுதாகக் கட்டாத மாதத்திலிருந்து வட்டியில்லாக் காலம் என்ற சலுகை போய்விடும். அப்புறம் வாங்கும் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பாக்கி இருக்கும் கார்டில் மேலும் செலவு செய்யாமல் இருப்பதே அதிலிருந்து வெளியே வருவதில் பாதி. ஏ.டி.எம்.மில் கார்டு போட்டுப் பணம் எடுப்பது இன்னும் மோசம்: கட்டணமும் உண்டு, வட்டியும் அன்றே தொடங்கும்.

கார்டு பாக்கியை அடைக்கப் பெர்சனல் லோன் வாங்கலாமா என்று கேட்பார்கள். வட்டி மூன்றரை ரூபாயிலிருந்து ஒன்றேகால் ரூபாய்க்கு இறங்குகிறது என்றால் தாராளமாக வாங்கலாம். கார்டை அலமாரியில் வைத்துப் பூட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. முடியாதவர்களுக்கு ஆறு மாதத்தில் லோனும் இருக்கும், கார்டு பாக்கியும் பழையபடி நிற்கும்.

அடுத்தது ஃபிளாட் வட்டி. பைக் கடன், பழைய கார் கடன், சிறு ஃபைனான்ஸ் கடன் எல்லாவற்றிலும் இது சகஜம். ஒரு லட்சம் ரூபாய், மூன்று வருடம், 12 சதவீதம் என்பார்கள். ஒரு ரூபாய் வட்டிதானே என்று தோன்றும். வருடம் 12,000 வீதம் மூன்று வருடத்துக்கு 36,000 வட்டி. மொத்தம் 1,36,000 ரூபாயை 36 மாதத்துக்குப் பிரித்தால் தவணை ஏறத்தாழ 3,778 ரூபாய். ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலையும் சேர்த்துத்தான் திருப்பிக் கொடுக்கிறீர்கள். கடைசி வருடம் உங்கள் கையில் இருப்பது ஒரு லட்சம் இல்லை, ஆனால் வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் போடப்படுகிறது. குறையும் அசலுக்குக் கணக்குப் போட்டால் இது வருடம் 21 சதவீதம், அதாவது ஒன்றே முக்கால் ரூபாய் வட்டி. 2024 அக்டோபர் 1 முதல், வங்கியோ நிதி நிறுவனமோ தனிநபர்களுக்குத் தரும் தவணைக் கடன்களுக்கு ‘கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்’ என்ற விவரத் தாளைக் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு வரி இருக்கும். கட்டணங்களையும் சேர்த்த உண்மையான வருட வட்டி அது. ஷோரூமில் தவணை எவ்வளவு என்று கேட்பதற்கு முன் அந்த வரியைக் கேளுங்கள். பன்னிரண்டால் வகுத்தால் ரூபாய் வட்டி தெரிந்துவிடும்.

வட்டியே இல்லாத தவணை என்று விற்கப்படும் ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’யும் அப்படித்தான். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என 2013-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. இப்போது வட்டிக்குச் சமமான தொகையைத் தள்ளுபடியாகக் காட்டி விற்கிறார்கள். கார்டில் வாங்கினால் அந்த வட்டிக்கான ஜி.எஸ்.டி. உங்கள் தலையில், பிராசஸிங் கட்டணம் தனி. பெரிய தொகை இல்லை, அதற்காகப் பயப்பட வேண்டாம். சிக்கல் வேறு இடத்தில்: போனுக்கு 1,999, ஃபிரிட்ஜுக்கு 2,400, சோபாவுக்கு 1,800 என்று ஒவ்வொன்றும் சின்னதாகத் தெரியும். சம்பளம் வந்த ஐந்தாம் தேதிக்குள் எல்லாம் சேர்ந்து கழியும்போதுதான் மொத்தம் தெரியும். புதிதாக ஒன்று வாங்கும் முன், ஓடிக்கொண்டிருக்கும் தவணைகளையும் அவை முடியும் மாதத்தையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

நகைக்கடன் உண்மையிலேயே மலிவு. வங்கியில் முக்கால் ரூபாய் வட்டிக்குக்கூடக் கிடைக்கும். ஆனால் வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி அடகு வைப்பவர்கள் ஏராளம். பவுன் விலை ஏறியிருந்தால், அதே வளையலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறோம் என்பார்கள், வாங்கிக்கொண்டு வருவார்கள். நகை வீட்டுக்கு வரவே வராது. அரசு கடனைத் தள்ளுபடி செய்யும் என்று கட்டாமல் இருப்பதும் ஆபத்து. 2021-இல் கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக்கடனைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தபோது, நிபந்தனைகளால் லட்சக்கணக்கானோருக்கு அது கிடைக்கவில்லை.

தண்டலில் 9,000 கையில் கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாள் வாங்குவார்கள். ஆயிரம்தானே போகிறது என்று தோன்றும். கணக்குப் போட்டால் ஆறு ரூபாய் வட்டிக்கு மேல். தமிழ்நாட்டில் 2003 முதலே இதற்குத் தடைச் சட்டம் இருக்கிறது. செல்போன் கடன் செயலிகளில் பல இதன் மறுபிறவிதான். எந்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயரில் பணம் வருகிறது என்று சொல்லாத, போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும் செயலியை அந்த இடத்திலேயே நீக்கிவிடுங்கள்.

ஏற்கெனவே தவணை தவறும் நிலையில் இருப்பவர்கள் போனை அணைத்து வைப்பது வழக்கம். தவறுவதற்கு முன்பே வங்கிக்குப் போய் தவணைக் காலத்தை நீட்டிக் கேட்டால் பெரும்பாலும் பேச்சுக்கு வருவார்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது. மீறினால் முதலில் வங்கியிடமே எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ‘பாதி கட்டுங்கள், முடித்துவிடலாம்’ என்று அழைப்பு வந்தால் அவசரப்பட வேண்டாம். அப்படி முடித்த கடன், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று பல வருடம் நிற்கும், நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது அதுவே குறுக்கே வரும். வேறு வழியில்லாமல் முடித்தாலும், எவ்வளவு கட்டினால் கடன் முடியும் என்று முதலில் கடிதம் வாங்குங்கள், அப்புறம் பணம் கட்டுங்கள்.