"வயசானா பல்லு விழத்தானே செய்யும்"

எங்கள் அப்பாயிக்கு ஒரு பழக்கம். கதை பேசிக்கொண்டிருக்கும்போதே கீழ்வரிசை முன்பல் ஒன்றை நாக்கு நுனியால் முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருப்பார். "வலிக்கலையா அப்பாயி?" என்று கேட்டால், "வலியெல்லாம் ஒண்ணுமில்ல, வயசானா பல்லு விழத்தானே செய்யும்" என்பார். அப்போது அவர் ஐம்பதைத் தாண்டிச் சில வருஷம்தான் ஆகியிருந்தது.

பல் விஷயத்தில் நம் லயங்களில் நடக்கும் தவறுகளில் பெரியது என்று நான் நினைப்பது அந்தப் பேச்சைத்தான். அதை நம்பிவிட்டால் ஈறில் ரத்தம் வந்தாலும் பேசாமல் இருந்துவிடுவோம். ஆனால் அது தப்பு என்று உலகத்துக்குக் காட்டியதே இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வாய்தான். 1970ல் நோர்வேகாரரான பல் ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவும் பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹரோ தோட்டங்களுக்கு வந்து, 480 ஆண் தொழிலாளர்களின் பல்லையும் ஈறையும் அளந்து குறித்துக்கொண்டார்கள். பதினான்கு வயசுப் பையன்கள் முதல் முப்பதை ஒட்டியவர்கள் வரை எல்லாரும் தமிழர்கள். பிரஷ் பிடிக்கும் பழக்கமும் இல்லை, பல் வைத்திய வசதியும் இல்லை. வைத்தியமே பார்க்காவிட்டால் ஈறு நோய் எப்படிப் போகும் என்பதுதான் ஆய்வின் கேள்வி. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது. ஆனாலும் 15 வருஷம் திரும்பத் திரும்பப் பார்த்து எழுதிவைத்த அந்தக் கணக்கு நமக்குச் சேர வேண்டிய சொத்து.

1986ல் முடிவு வெளியானது. ஏறக்குறைய எல்லார் பல்லிலும் அழுக்கு, காரை (கல்லாக இறுகிய அழுக்கு), ஈறில் வீக்கம். அதுவரை வித்தியாசம் இல்லை. பல்லைத் தாங்கும் எலும்பும் நாரும் கரைவதில்தான் மூன்று கூட்டமாகப் பிரிந்தார்கள். நூற்றுக்கு 8 பேருக்கு நோய் வேகமாக ஓடியது. இருபது வயசிலேயே பல் விழத் தொடங்கி, 45ல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 81 பேருக்கு மெதுவாக நகர்ந்தது. முப்பதுக்கு மேல் விழத் தொடங்கி, 45 வயசில் சராசரியாக ஏழு பல் போயிருந்தது. மிச்சம் 11 பேருக்கு ஈறு வீங்கியதோடு நின்றுவிட்டது. ஒரே தோட்டம், ஒரே வேலை, ஒரே வயசு. ஒருவர் பொக்கை வாய், இன்னொருவருக்கு முழு வரிசை. வயசுதான் காரணம் என்றால் இது எப்படி?

சரி, இதே கணக்கில் இன்னொரு தவறுக்கும் பதில் இருக்கிறது. "எங்க தாத்தா பிரஷ்ஷே தொட்டதில்ல, எண்பது வயசுல கரும்பு கடிச்சாரு" என்று சொல்பவர்கள் ஒவ்வொரு லயத்திலும் உண்டு. பொய் இல்லை. அந்தத் தாத்தா 11 பேரில் ஒருவராக இருந்திருக்கலாம். பேரன் எந்தக் கூட்டம் என்பது ஆரம்பத்தில் வெளியே தெரியாது, தெரிய வரும்போது பல் ஆடிக்கொண்டிருக்கும்.

அந்த ஆய்வில் பெண்கள் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. கொழுந்து பறித்த நம் அம்மாமாரின் வாயை யாரும் அப்போது அளக்கவில்லை. கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு சுலபமாக வீங்கி ரத்தம் வரும். "பிள்ள வயித்துல இருக்கு, இப்ப பல்லுல கை வைக்கக் கூடாது" என்று தள்ளிப்போடுவது தவறு. காரை எடுக்கலாம், சொத்தையையும் அடைக்கலாம். கிளினிக்கில் கர்ப்பம் என்று சொல்லிவிட்டால் போதும்.

ஈறில், யாழ்ப்பாணத்தார் சொல்வதுபோல முரசில், ரத்தம் வந்தால் அந்த இடத்தில் பிரஷ் படாமல் விட்டுவிடுகிறோம். செய்ய வேண்டியது நேர்மாறானது. இதே லோ 1965ல் டென்மார்க்கில் ஒரு சோதனை வெளியிட்டார். ஈறு நல்லாயிருந்த 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் விளக்குவதையே நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. திரும்ப விளக்கத் தொடங்கியதும் ஒரு வாரம், பத்து நாளில் அடங்கியது. ஆகவே ரத்தம் வரும் இடத்தில்தான் மென்மையான பிரஷ்ஷைக் கொஞ்சம் சாய்த்து, பல்லும் ஈறும் சேரும் கோட்டில் வைத்து, சின்னச் சின்ன அசைவாகத் தேய்க்க வேண்டும். இரண்டு வாரம் போயும் நிற்காவிட்டால் உள்ளே காரை இருக்கும். அது வீட்டில் போகாது, பல் வைத்தியர்தான் எடுக்க வேண்டும். காரை எடுத்ததால் பல் ஆடியது என்பார்கள். பல் முன்பே பிடி இழந்துவிட்டது, காரை அதை மறைத்துக்கொண்டிருந்தது.

செங்கல் தூள், அடுப்புக் கரி, மணல் எல்லாம் பல்லின் மேல்பூச்சைத் தேய்த்துவிடும். ஈறு இறங்கிய வயசானவர்களின் வேர்ப்பகுதி இன்னும் மிருதுவானது, சீக்கிரம் பள்ளம் விழும்.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். ஆறு வயசுப் பிள்ளையின் வாயைத் திறந்து கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால் பாருங்கள். எந்தப் பல்லும் விழாமலே புதுக் கடைவாய்ப் பல் ஒன்று ஈறைக் கிழித்து எட்டிப் பார்க்கும். அது நிரந்தரப் பல், ஆயுசுக்கும் ஒன்றே ஒன்று. பலர் அதையும் பாற்பல் என்று எண்ணி, "விழுந்து முளைக்கும்" என்று சொத்தையை விட்டுவிடுகிறார்கள். ஏழெட்டு வயசில் வலி தாங்காமல் பிடுங்கக் கூட்டிப்போவதும் சிலசமயம் அதைத்தான். உண்மையான பாற்பல்லையும் அலட்சியப்படுத்த முடியாது, கடைவாய்ப் பாற்பல் பத்துப் பன்னிரண்டு வயசு வரை இருந்து புதுப் பல்லுக்கு இடம் பிடித்துக்கொடுக்க வேண்டும். ஏழெட்டு வயசு வரை ராத்திரியாவது பெரியவர் ஒருவர் விளக்கிவிடுங்கள். பாடசாலைப் பிள்ளைகளின் பல்லைப் பார்ப்பதற்கென்றே மகரகமயில் பயிற்சி பெற்றவர்கள் அரசாங்க சேவையில் இருக்கிறார்கள். வலி வரும்வரை காத்திருக்காமல் அவர்களிடம் காட்டலாம்.

அப்புறம் இந்த புளோரைட் பயம். அளவாக இருந்தால் பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் தாது அது. அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் பல கிணறுகளில் புளோரைட் அதிகம், பிள்ளைகளின் பல்லில் பழுப்புத் திட்டு விழுகிறது. அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு இங்கேயும் சிலர் புளோரைட் இல்லாத பேஸ்ட் தேடுகிறார்கள். மழை கொட்டும் நம் மலைத் தண்ணீரில் புளோரைட் குறைவு. நமக்கு அது பேஸ்டிலிருந்துதான் கிடைக்க வேண்டும். மூன்று வயசு வரை அரிசி மணி அளவு, ஆறு வயசு வரை பட்டாணி அளவு போதும். விளக்கி முடிந்ததும் துப்பினால் போதும், வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் புளோரைட்டும் போய்விடும்.

1970ல் அந்தத் தொழிலாளர்களின் வாயில் சொத்தை மிகக் குறைவாக இருந்தது. இன்றைய பிள்ளைகள் கையில் எப்போதும் பிஸ்கட், டொஃபி. எவ்வளவு சீனி என்பதோடு எத்தனை தடவை என்பதும் முக்கியம். 1940களில் சுவீடனின் விப்பெஹோல்மில், சம்மதம் சொல்ல முடியாத மனநல விடுதி நோயாளிகளுக்கு ஒட்டும் மிட்டாய் கொடுத்துப் பார்த்த ஆய்வு, செய்திருக்கவே கூடாதது, காட்டியதும் அதைத்தான். சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே வாயில் ஒட்டிக் கிடக்கும் சீனிதான் பல்லை அதிகம் அரிக்கிறது. உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கிச் சாயத் தேத்தண்ணி குடிப்பதும், போத்தலில் சீனித் தேத்தண்ணி ஊற்றிப் பிள்ளையைத் தூங்கவைப்பதும் அப்படித்தான்.

வயசானவர்களுக்கு சீனி வருத்தம் இருந்தால் ஈறு நோய் வேகமெடுக்கும். ஈறுக்கு வைத்தியம் பார்த்தால் மூன்று நான்கு மாதத்தில் ரத்தத்தின் சராசரிச் சீனியைக் காட்டும் HbA1c அளவும் சுமார் 0.4 சதவீதப் புள்ளி இறங்குவதாக ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சீனி வருத்தத்துக்காகப் பாதத்தைக் காட்டப் போகும் கிளினிக்கில் வாயையும் காட்டுங்கள். புகையிலை சேர்க்காமல் வெற்றிலை போட்டால் பாதகமில்லை என்பதும் தவறு. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004ல் அறிக்கை வெளியிட்டது. வாயைத் திறந்தால் மூன்று விரல் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே போகாவிட்டால், வெள்ளையோ சிவப்போ திட்டு இருந்தால், உடனே காட்ட வேண்டும்.

அப்பாயி கடைசியில் பல்செட்டுக்கு வந்தார். ராத்திரியும் கழற்ற மாட்டார், கழற்றினால் குளிரில் ஈறு கூசுமாம். ஜப்பானில் 85 வயசும் அதற்கு மேலும் ஆன 524 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015ல் வெளியான ஆய்வில், செட்டைப் போட்டபடி தூங்கியவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. நுவரெலியாக் குளிரில் நெஞ்சுச் சளியோடு அவதிப்படும் பெரியவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கழற்றி, பிரஷ் போட்டுக் கழுவி, விடியும்வரை ஒரு கோப்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டுவையுங்கள். கொதிதண்ணீர் ஊற்ற வேண்டாம், செட்டு வளைந்துவிடும்.