'பே' என்றால் குடா மட்டுமா?

சில வருடங்களுக்கு முன் டெங்கு துண்டுப்பிரசுரம் ஒன்றைத் தமிழாக்கித் தரச் சொன்னார்கள். அவசர வேலை, இரவோடு இரவாக முடித்துக் கொடுத்தேன். அச்சாகி வந்த பிறகுதான் கண்ணில் பட்டது: 'நுளம்புகளைக் குடாவில் வைத்திருங்கள்.' ஆங்கிலத்தில் இருந்தது 'கீப் அட் பே'. கிட்ட வரவிடாதீர்கள் என்று எழுதவேண்டிய இடத்தில் நித்திரைக் கண்ணோடு குடாவை எழுதியிருக்கிறேன்.

திருகோணமலைக்காரருக்கு இந்த வழுக்கல் கொஞ்சம் கூடுதலாகவே வரும். பிரெட்ரிக் கோட்டைக்கு ஒரு பக்கம் டச் பே, மறுபக்கம் பேக் பே. விமானத்தளம் இருக்கிற இடம் ஆங்கிலத்தில் சைனா பே, நமக்குச் சீனன்குடா. மகாவலி வந்து விழுவது கொட்டியாரக் குடாவில். பள்ளிக்கூடம் போகும் முன்பே 'பே' என்றால் கடல் என்று காதில் பதிந்துவிடுகிறது. அப்புறம் எங்கே அந்தச் சொல்லைக் கண்டாலும் அலைச் சத்தம் கேட்கும்.

அடிப்படைத் தவறு இதுதான்: 'பே' ஒரே சொல், அதற்குப் பல அர்த்தங்கள் என்று நினைப்பது. உண்மையில் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த பல சொற்கள் தேய்ந்து தேய்ந்து ஒரே ஒலியில், ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நிற்கின்றன. நல்ல அகராதிகளில் இவை ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிட்டுத் தனித்தனியாக இருக்கும். முதலாவதைப் படித்துவிட்டு அகராதியை மூடுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கடல் 'பே' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. போர்த்துக்கீசம், டச்சு, பிரெஞ்சு மூன்றிலும் அதன் உறவுச் சொற்கள் உண்டு. பிரேசிலின் பாஹியா மாநிலப் பெயரும் அதே குடும்பம். 1624இல் இங்கே கோட்டை கட்டிய போர்த்துக்கேயர், பிறகு வந்த ஒல்லாந்தர், 1782இல் கொஞ்சக் காலம் பிடித்து வைத்திருந்த பிரெஞ்சுக்காரர், 1795இல் வந்த ஆங்கிலேயர் எல்லாரும் நம் கடலைப் பார்த்து ஏறக்குறைய ஒரே சொல்லைத்தான் சொல்லியிருப்பார்கள். அடிபட்டது துறைமுகத்துக்காக, பெயரில் சண்டையே இல்லை! தமிழில் எழுதும்போது வங்காளத்துக்கு விரிகுடா, மன்னாருக்கு வளைகுடா. இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். குடா நீர், குடாநாடு நிலம் என்பதையும் பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்கள்.

சரி, நுளம்புக்கு வருவோம். அந்த 'பே' வேட்டை நாயின் குரல், நீட்டி ஊளையிடுவதுபோலக் குரைப்பது. இதுவும் பழைய பிரெஞ்சிலிருந்து வந்ததுதான், ஆனால் கடலோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. கோட்டைக்குள் திரிகிற புள்ளிமான்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒன்றை நாய்கள் துரத்துகின்றன என்று வையுங்கள். மதிலோடு ஒட்டியாகிவிட்டது, இனி ஓட வழியில்லை. மான் திரும்பிக் கொம்பைக் காட்டி நிற்கிறது. நாய்கள் சுற்றி நின்று குரைக்கின்றன. இப்போது மான் 'அட் பே', அதாவது வழி அடைபட்டு எதிர்த்து நிற்கிறது. கொம்புக்குப் பயந்து நாய்கள் கிட்ட வரவில்லை அல்லவா? அப்படியானால் மான் அவற்றை 'அட் பே' வைத்திருக்கிறது. காட்சி ஒன்று, சொல் ஒன்று, ஆனால் ஒரு தடவை மாட்டிக்கொண்டவரைக் குறிக்கிறது, மறுதடவை தள்ளி நிறுத்தப்பட்டவரை. குடாவைத் தவிர்க்கத் தெரிந்தவர்களும் இங்கே தலைகீழாக எழுதிவிடுகிறார்கள். யார் துரத்துகிறார், யார் நிற்கிறார் என்று வாக்கியத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

'பே விண்டோ'வைக் கடல் தெரிகிற ஜன்னல் என்று நினைத்து நிலாவெளிப் பக்கம் அறை எடுத்தால் ஏமாறலாம். அது சுவரிலிருந்து வெளியே புடைத்து நிற்கிற ஜன்னல், அவ்வளவுதான். வெளியே கோழிக்கூடு தெரிந்தாலும் அது பே விண்டோதான். வாய் பிளத்தல் என்ற பொருளுள்ள பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது இந்த 'பே'. வாகனம் நிறுத்தும் பே, லொறியில் சாமான் ஏற்றும் பே எல்லாம் இந்தத் திறந்த வாய்தான்.

சமையலில் வாசத்துக்குப் போடுகிற 'பே லீஃப்' கடலோரத்து இலை அல்ல. இலத்தீனில் சிறு கனிக்கு இருந்த பெயர் தேய்ந்து, கனியிலிருந்து மரத்துக்கு ஒட்டிக்கொண்டது. சமையலில் நடக்கிற தவறு வேறு: செய்முறையில் இதைக் கண்டதும் நம் வீடுகளில் ரம்பையைக் கிள்ளிப் போடுகிறார்கள். ரம்பை தாழையின் இனம், வாசமே வேறு. இந்தியக் கடைகளின் பிரியாணி இலையும் ஐரோப்பியரின் பே இலை அல்ல, அது கறுவாவின் உறவு. இலையைத் திருப்பிப் பாருங்கள்: நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடினால் இந்தியது, நடுவில் ஒன்றுதான் என்றால் ஐரோப்பியது. குதிரைக்கு வருகிற 'பே' இன்னொரு இலத்தீன் சொல். உடல் செம்பழுப்பு, பிடரியும் வாலும் கறுப்பு. நிறத்தைத்தான் சொல்கிறது, ஊரை அல்ல.

இவ்வளவும் கேட்டபின் என்னிடம் படிக்கிற பையன் ஒருவன், அப்படியென்றால் இணையச் சந்தையான ஈபே எந்தப் பே என்றான். நிறுவியவர் பியர் ஒமிடியார். அவருடைய நிறுவனத்தின் பெயர் எக்கோ பே. அந்தப் பெயரில் இணைய முகவரியை ஏற்கெனவே ஒரு சுரங்க நிறுவனம் எடுத்திருந்ததால் சுருக்கிக்கொண்டார். ஆகவே கடல் பேதான் என்றேன். அவன் முகம் தொங்கிப்போனது. சாமான் வாங்கிக் காசு கட்டுகிற இடம் என்பதால் அது 'பே' பண்ணுகிற பே என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தானாம். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே 'ப'தானே, அவன்மேல் எப்படிக் கோபிப்பது?