சிலந்தி வலைப் பயிற்சியை நடத்துவது எப்படி?

குழுவாகச் செய்யும் வெளிப்புறச் சவால்களில் செலவு குறைவானது சிலந்தி வலை. இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய கயிற்று வலையின் ஓட்டைகள் வழியாக எல்லோரும் மறுபக்கம் போக வேண்டும். உடம்பு கயிற்றில் படக்கூடாது. ஒருவர் நுழைந்த ஓட்டையில் இன்னொருவர் நுழையக்கூடாது.

10 முதல் 12 பேருக்கு, 3 முதல் 4 மீட்டர் இடைவெளியுள்ள உறுதியான மரங்கள் போதும். கீழே கல், வேர், முள் எதுவும் இருக்கக்கூடாது. மேல் கயிறு 1.8 மீட்டர் உயரத்தில், கீழ்க் கயிறு முழங்காலுக்குக் கீழே. உள் இழைகளுக்கு எலாஸ்டிக் கயிறு நல்லது. யாராவது தடுமாறி விழுந்தாலும் இழுபட்டுக் கொடுக்கும். ஆட்களைவிட ஒன்றிரண்டு ஓட்டைகள் கூடுதலாக இருக்கட்டும். பெரிய ஓட்டைகள் எல்லாமே கீழே இருந்தால் வரிசையாகத் தவழ்ந்து போய்விடுவார்கள், யோசிக்க வேலையே இருக்காது. கயிற்றில் சிறு மணி கட்டினால் 'பட்டது, படவில்லை' என்ற வாக்குவாதம் மிச்சம்.

கைக்கடிகாரம், மோதிரம், மூக்குக்கண்ணாடி, பையில் உள்ள சாவி எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். மேல் ஓட்டைகளில் ஒருவரை மற்றவர்கள் தூக்கித்தான் அனுப்ப வேண்டும். அதனால் பிறகு ஒருவரைத் தூக்கி இறக்குவதை வலைக்கு வெளியே பழக்குங்கள். தாங்கி நிற்பவர் ஒரு காலை முன்வைத்து, முழங்காலைச் சற்று மடித்து, கைகளை உயர்த்தி நிற்க வேண்டும். கண் தூக்கப்படுபவர் மேலேயே இருக்க வேண்டும். முதல் கவனம் தலைக்கும் தோளுக்கும்தான். இறக்கும்போது கால் முதலில் தரையைத் தொட வேண்டும். தாங்குபவர்களின் தோள் உயரத்துக்கு மேல் யாரையும் தூக்கக்கூடாது. ஓட்டைக்குள் பாய்வதற்கு அனுமதியே இல்லை.

ஆபத்து அதிகம் வருவது முதல் இருவரிடமும் கடைசி இருவரிடமும். முதலில் போகிறவரை வாங்க அந்தப் பக்கம் ஆள் இல்லை. கடைசியில் போகிறவரைத் தூக்க இந்தப் பக்கம் ஆள் இல்லை. கீழ் ஓட்டைகளை இவர்களுக்காக ஒதுக்க வேண்டும் என்பதைக் குழுவே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், ஆனால் அந்த நேரத்தில் தாங்க நீங்களே பக்கத்தில் நில்லுங்கள்.

1971-இல் அமெரிக்காவில் தொடங்கிய ப்ராஜெக்ட் அட்வென்சர் அமைப்பு பரப்பிய கொள்கை ஒன்று உண்டு: எவ்வளவு தூரம் துணிவது என்பதைப் பங்கேற்பவரே முடிவு செய்வார். தூக்கப்பட விரும்பாதவர் தாங்குபவராகவோ நடுவராகவோ இருக்கலாம். "சும்மா வாங்க, ஒண்ணும் ஆகாது" என்று கூட்டம் வற்புறுத்தினால் உடனே நிறுத்துங்கள்.

கயிற்றில் பட்டவர் மட்டும் திரும்பி வந்தால் போதும். ஒருவர் தவறுக்கு எல்லோரையும் திருப்பி அனுப்பும் விதி கேட்கக் கம்பீரமாக இருக்கும். நடைமுறையில் உடம்பு பெருத்தவர் மேல்தான் பழி விழும்.

மொத்தம் 90 நிமிடம் என்றால் விதிக்கும் பழக்கத்துக்கும் 20, வலைக்கு 35, மீதி ஆட்டம் முடிந்தபின் நடந்ததைப் பற்றிய பேச்சுக்கு. ஆட்டம் நீண்டுவிட்டது என்று பேச்சைச் சுருக்குவதுதான் வழக்கமான தவறு. அப்படிச் செய்தால் மிஞ்சுவது குதூகலம் மட்டுமே. மூன்று கேள்விகள் போதும்: என்ன நடந்தது? அதிலிருந்து என்ன தெரிகிறது? அடுத்த முறை என்ன செய்வீர்கள்? "எல்லோரும் ஒத்துழைச்சோம்" என்று யாராவது சொன்னால், "எந்த நிமிடத்தில், யார் என்ன செய்தார்?" என்று கேளுங்கள். ஒருவர் சொன்ன யோசனை காதில் விழாமல் போய், அதையே குரல் பெரிதான இன்னொருவர் சொன்னதும் எடுபட்டது போன்ற விஷயங்கள் அப்போதுதான் வெளியே வரும்.

நேரம் இருந்தால் அதே வலையில் நான்கைந்து பேரை மட்டும் மீண்டும் கடக்கச் சொல்லுங்கள். முதல் சுற்றில் அதிகம் பேசியவர்கள் இந்தச் சுற்றில் தாங்க மட்டும் செய்யட்டும்.