பத்திரமாக வைத்தே கெட்டுப்போகும் கேமரா

ஐப்பசி மழையில் பீரோவுக்குள் வைத்த 50 எம்.எம். லென்ஸை பொங்கலுக்குத்தான் வெளியே எடுத்தேன். படங்கள் லேசாக மங்கலாக விழுந்தன. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால், சிலந்தி நூல் போல மெல்லிய கோடுகள் கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓடியிருந்தன. ஃபங்கஸ். அந்த லென்ஸை நான் கீழே போட்டதில்லை, மழையில் நனைத்ததும் இல்லை. பையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடி, துணிகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டியிருந்தேன். செய்த தவறே அதுதான்.

கேமரா பை தூக்கிக்கொண்டு போவதற்கு. மாதக்கணக்கில் உள்ளே வைத்திருப்பதற்கு இல்லை. பைக்குள் இருக்கும் பஞ்சு நம் வியர்வையையும் காற்றின் ஈரத்தையும் குடித்து வைத்துக்கொள்ளும், லேசில் விடாது. ஃபங்கஸின் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன; புது லென்ஸிலும் இருக்கும். அவை முளைக்க இருட்டும் அசையாத காற்றும் ஈரமும் போதும். ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் வளர ஆரம்பித்துவிடும். சென்னை மாதிரி கடலோர ஊரில் மழைக்காலத்தில் 80 சதவீதம் என்பது சர்வசாதாரணம். இதில் வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் இரும்பு பீரோ வேறு. ஃபங்கஸைத் துடைத்து எடுத்துவிடலாம். ஆனால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடி மேல் இருக்கும் பூச்சை அரித்திருந்தால் அந்தத் தழும்பு போகாது.

பீரோவில் இன்னொரு எதிரியும் உண்டு: பாச்சை உருண்டை. அது கரைவதில்லை, ஆவியாகிறது. அந்த ஆவி லென்ஸ் மேல் படிந்து படலமாக நிற்கும், சில பிளாஸ்டிக்குகளையும் கெடுக்கும். பூச்சிக்குப் பயந்து கேமராவுக்குப் பக்கத்தில் இதைப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரிசிக்குள் புதைத்து வைப்பது அடுத்த ரகம். அரிசி பெரிதாக ஈரத்தை உறிஞ்சாது. அதன் மாவுத்தூள் மட்டும் எல்லா இடுக்கிலும் புகுந்துவிடும்.

பெரிய செலவு தேவையில்லை. மூடியில் ரப்பர் வளையமும் நான்கு பக்கமும் கிளிப்பும் உள்ள சமையலறை டப்பா ஒன்று, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன ஈரப்பதமானி ஒன்று, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் கொஞ்சம். டப்பாவுக்குள் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் போதும். 30-க்குக் கீழே இறக்கினால் ரப்பர் பிடியும் உள்ளே இருக்கும் மசகும் காய்ந்துபோகலாம் என்பதால் ஜெல்லை அள்ளிக் கொட்டவும் வேண்டாம். செருப்பு டப்பாவில் வந்த பொட்டலத்தை எடுத்துப் போடுவது வெறும் மனத்திருப்திக்குத்தான். நம் கைக்கு வருவதற்குள் அது குடிக்க வேண்டிய ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். நிறம் மாறும் மணிகளாக வாங்குங்கள், அதிலும் ஆரஞ்சு வகையை. நீலத்திலிருந்து ரோஸ் நிறமாக மாறும் வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது. அது நஞ்சு, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. நிறம் மாறியதும் ஓவனில் 110, 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மணிகள் பழைய நிலைக்கு வந்துவிடும். மூடிய பாட்டிலில் ஆறவிட்ட பிறகே கேமராவுக்குப் பக்கத்தில் வையுங்கள். மூன்று நான்கு லென்ஸ் சேர்ந்துவிட்டால் டிரை கேபினெட் (உள்ளே ஈரத்தைக் கட்டுக்குள் வைக்கும் மின் அலமாரி) வாங்குவது தண்டச் செலவு இல்லை.

வெயிலில் காட்டினால் ஃபங்கஸ் வராது என்று சொல்லி லென்ஸை ஜன்னல் மேடையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அது பூதக்கண்ணாடி வேலையைச் செய்யும். மூடி போடாத லென்ஸோடு மிரர்லெஸ் கேமரா சூரியனைப் பார்த்துக் கிடந்தால் ஷட்டர் திரையே பொசுங்கலாம்.

ஃபிரிட்ஜ்? அது ஃபிலிம் சுருளுக்குச் சொன்னது, கேமராவுக்கு இல்லை. குளிர்ந்த கேமராவை வெளியே எடுத்தால் உள்ளும் புறமும் வியர்க்கும். ஏசி அறையிலிருந்து மொட்டை மாடிக்குப் போகும்போதும் இதே கதைதான். அந்த நேரத்தில் பை உதவும்: மூடிய பையோடு வெளியே கொண்டுபோய் அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டுத் திறங்கள்.

சரி, பேட்டரி. இங்கேயும் நம் அக்கறைதான் கெடுக்கிறது. 'எப்போது வேண்டுமானாலும் எடுக்கத் தயாராக இருக்கட்டும்' என்று முழு சார்ஜ் ஏற்றி உள்ளே வைக்கிறோம். லித்தியம் அயான் செல் முழுதாக நிரம்பும்போது 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த நிலையில் சும்மா கிடந்தாலே உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருக்கும். 25 டிகிரியில் ஒரு வருடம் முழு சார்ஜில் கிடந்தால் அதன் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 40 சதவீத சார்ஜில் வைத்திருந்தால் இழப்பு மிகச் சொற்பம். வெப்பம் கூடினால் இழப்பும் கூடும். சித்திரை வெயிலில் கான்கிரீட் கூரைக்குக் கீழே இருக்கும் பரண் எப்படிக் கொதிக்கும் என்று தெரியும்தானே?

ஆகவே பாதி சார்ஜ். அதற்காகச் சுத்தமாகக் காலியாக்கியும் வைக்காதீர்கள். தானாகவும் கொஞ்சம் இறங்கும், உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்டும் கொஞ்சம் குடிக்கும். ஒரு செல் அளவுக்கு மீறி இறங்கிப்போனால் உள்ளே செம்புத் தகடு கரையத் தொடங்கும். அப்புறம் சார்ஜரில் போட்டால் விளக்கு கண்சிமிட்டும், சார்ஜ் ஏறாது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து மறுபடி பாதிக்கு ஏற்றி வையுங்கள். கேமராவிலிருந்து கழற்றியே வையுங்கள், அணைத்திருந்தாலும் அது கொஞ்சம் இழுக்கும். திரும்பப் போடும்போது தேதி கேட்டால் பதற வேண்டாம். கடிகாரத்துக்கென்று உள்ளே இருக்கும் குட்டி பேட்டரி தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஃப்ளாஷில் சாதாரண அல்கலைன் செல்லைப் போட்டு மறந்துவிட்டால் அது கசியும். வெள்ளையாகப் பூத்திருந்தால் கையுறை போட்டுக்கொண்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைக்கலாம். கசிவது காரப்பொருள் (அல்கலி), கண்ணில் படக் கூடாது.

உபரி பேட்டரியோடு வரும் பிளாஸ்டிக் மூடியைப் பெட்டி பிரித்த அன்றே தூக்கி எறிவது நம் வழக்கம். சாவிக்கொத்தும் சில்லறையும் கிடக்கும் டிராயரில் அந்த பேட்டரி மூடி இல்லாமல் கிடந்தால், ஒரு நாணயம் இரண்டு முனையையும் தொட்டாலே ஷார்ட் ஆகிவிடும். மூடி தொலைந்துவிட்டதா, முனைகளில் டேப் ஒட்டுங்கள்.

பேட்டரி உப்பியிருந்தால் அதோடு அதன் கதை முடிந்தது. சார்ஜ் ஏற்றக் கூடாது, அழுத்தித் தட்டையாக்கக் கூடாது, ஊசியால் குத்திக் காற்றை இறக்கவே கூடாது. உள்ளே இருப்பது எரியும் வாயு. முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில், வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்து மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைச் சேகரிக்க வேண்டிய பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு, அதனால் வாங்கிய கடையிலும் கேட்டுப் பார்க்கலாம். மக்காத குப்பைதானே என்று தெருவில் வரும் வண்டியில் மட்டும் போடாதீர்கள். அந்தக் குப்பையை லாரியில் போட்டு நசுக்குவார்கள். நசுங்கினால் அது தீப்பிடிக்கும்.