பாழடைந்த முற்றத்தில் மீண்டும் புல்

திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் பழைய வீட்டை வாங்கிக் குடியேறுவோர், காய்ந்து கிடக்கும் புல்தரையைக் கண்டவுடன் ஒரு லாரி செம்மண் கொட்டிப் புதுப்புல் பதிக்க முனைவதுண்டு. அதற்கு முன் அரை அடி ஆழம் தோண்டிப் பார்ப்பது நல்லது. மணலுக்கிடையே செங்கல் துண்டுகளும் சிமெண்டுக் கட்டிகளும் புதைந்திருந்தால், அவற்றை அகற்றாமல் மேலே எதைப் பரப்பினாலும் வேர் சரியாக இறங்காது.

அடுத்தது கோரைப்புல். இதை மேலாக அறுப்பது வீண் உழைப்பு. மண்ணுக்குள் தங்கும் கிழங்குகள் மீண்டும் துளிர்க்கும் என்பதால், நீர் தெளித்து மண்ணை இளக்கி, கிழங்கோடு கெல்லியெடுத்து, இரண்டு மூன்று வாரங்கள் கழித்துத் தலைகாட்டுவதையும் அவ்வாறே அகற்ற வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்.

ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருப்பின், உப்பை ஓரளவு தாங்கும் அருகம்புல்லே போதுமானது. முற்றத்தில் உயிரோடு எஞ்சியிருப்பதையே பிடுங்கி, கணுக்களுடன் துண்டாக்கி, மக்கிய தொழுவுரம் கலந்த மண்ணில் அரை அடி இடைவெளியில் நடலாம். மண் வேலையைச் செப்டம்பருக்குள் முடித்து, நீர் வடியச் சிறு சரிவும் அமைத்துவிட்டால், அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை மேல்மண்ணின் உப்பைக் கீழே கரைத்துச் செல்லும்.

வேப்பமரத்தின் அடர்ந்த நிழலில் அருகு பிடிக்காது. அங்கே கற்பூரவல்லி வைத்துவிடலாம்.