வேரியபிள் இன்டேக் மேனிஃபோல்டை ஆர்டுயினோ வைத்து நாமே இயக்குவது எப்படி?

ஒரு இன்ஜினைத் தூக்கி வேறு காரில் வைத்தாலோ, கம்பெனி ஈசியூவுக்கு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) பதில் வேறொன்றைப் போட்டாலோ, இன்டேக் மேனிஃபோல்டில், அதாவது சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்களில், வேகத்துக்கு ஏற்பக் காற்றுப் பாதையை மாற்றும் வால்வை இயக்க ஆள் இல்லாமல் போய்விடும். டொயோட்டாவில் ஏசிஐஎஸ், மஸ்டாவில் விக்ஸ், ஹோண்டாவில் ஐஏபி என்று பெயரும் அமைப்பும் மாறும், நோக்கம் ஒன்றுதான். பலர் அதை ஒரே நிலையில் கட்டிப்போட்டுவிட்டு ஓட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் கீழ் வேகத்திலோ மேல் வேகத்திலோ நிச்சயம் டார்க் (முறுக்கு விசை) போகும். என் இன்ஜினில் இதைச் சரிசெய்த முறையை அப்படியே எழுதுகிறேன். வேக்குவத்தில் (இன்ஜின் காற்றை உறிஞ்சும் இழுப்பு) இயங்கும் வகைக்கு மட்டும்தான் இது. மோட்டார் வைத்த வகைக்கு வேறு சர்க்யூட் வேண்டும்.

உங்கள் ஈசியூவில் காலியாக ஒரு அவுட்புட் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ என்ற, நாமே ட்யூன் செய்யும் ஈசியூக்கள் இரண்டிலுமே ஆர்பிஎம் பார்த்து ஆன் ஆகும் அவுட்புட் வைத்துக்கொள்ளலாம். ஆர்டுயினோ என்ற சிறு கன்ட்ரோலர் போர்டை வைத்துத் தனிப் பெட்டி செய்வது அதற்கு வழியில்லாதவர்களுக்கு.

படி 1: வால்வின் இயல்பு நிலை

வேக்குவம் இல்லாதபோது பட்டர்ஃபிளை (வால்வின் திரும்பும் தகடு) திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா? சில இன்ஜினில் வேக்குவம் இழுத்து மூடும், சிலவற்றில் இழுத்துத் திறக்கும். கை வேக்குவம் பம்ப் ஒன்றை ஆக்சுவேட்டரில் (வேக்குவத்தால் தண்டை இழுத்து வால்வைத் திருப்பும் டப்பா) மாட்டி இழுத்துப் பாருங்கள். தண்டு முழுதாக நகர வேண்டும், ஒரு நிமிடமாவது அப்படியே நிற்க வேண்டும். மெல்ல இறங்கினால் உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருக்கிறது. அப்படியே பட்டர்ஃபிளை திருகுகளையும் அசைத்துப் பாருங்கள். ஒன்று கழன்றால் அது போகும் இடம் சிலிண்டர்.

படி 2: வேக்குவம்

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஐடிலில் எல்லாம் அழகாக வேலை செய்யும். ரோட்டில் முழு த்ராட்டில் கொடுத்ததும் எதுவும் நடக்காது. ஆர்டுயினோவையும் புரோகிராமையும் சந்தேகப்பட்டுப் பயனில்லை. முழு த்ராட்டிலில் மேனிஃபோல்டில் வேக்குவம் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆக்சுவேட்டரை இழுக்க அங்கே எதுவும் இல்லை.

இதற்காகத்தான் கம்பெனியே ஒரு சேமிப்பு டேங்கும் அதற்கு முன்னால் ஒரு செக் வால்வும் (ஒரே திசையில் மட்டும் காற்றை விடுவது) வைக்கிறது. சில இன்ஜினில் டேங்க் தனி பிளாஸ்டிக் டப்பா, சிலவற்றில் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருக்கும். இன்ஜின் மாற்றும்போது தொலைந்துபோவது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். வரிசை இப்படி: மேனிஃபோல்டு, செக் வால்வு, டேங்க், சோலனாய்டு (மின்சாரத்தால் திறக்கும் வால்வு), ஆக்சுவேட்டர். செக் வால்வைத் திருப்பி மாட்டினால் டேங்க் நிரம்பவே நிரம்பாது.

இதைச் சோதிக்க ரோட்டுக்குப் போகவே வேண்டாம். இன்ஜினைச் சிறிது நேரம் ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள். நின்ற இன்ஜினின் மேனிஃபோல்டில் வேக்குவம் இல்லை, அதாவது முழு த்ராட்டிலில் இருக்கும் அதே நிலைமை. இப்போது சோலனாய்டுக்கு 12 வோல்ட் கொடுத்துக் கொடுத்து எடுங்கள். தண்டு சில முறையாவது கடைசிவரை போய் வந்தால் டேங்கும் செக் வால்வும் நன்றாக இருக்கின்றன. ஒரு முறைகூட நகரவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

சோலனாய்டு மூன்று வழி வகையாக இருக்க வேண்டும். அணைந்ததும் ஆக்சுவேட்டரில் தங்கிய வேக்குவத்தை வெளிக்காற்றுக்கு விட அந்த மூன்றாவது வழி தேவை.

படி 3: சர்க்யூட்

சோலனாய்டின் ஓமை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 30 முதல் 40 ஓம் வரும். அப்படியானால் கரன்ட் அரை ஆம்பியருக்கும் குறைவு. ரிலே வேண்டாம், மாஸ்ஃபெட் (சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) போடுங்கள். ஐஆர்எல்இசட்44என் என் தேர்வு. ஐஆர்எஃப்இசட்44என் என்று கேட்டு வாங்கிவிடாதீர்கள், அதன் கேட் முனைக்கு ஆர்டுயினோ தரும் 5 வோல்ட்டில் அது முழுதாகத் திறக்காது. கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். சோலனாய்டுக்கு இணையாக 1என்4007 டையோடு, கோடு போட்ட முனை 12 வோல்ட் பக்கம். 12 வோல்ட் வரும் இடத்தில் ஃப்யூஸும், வோல்ட் திடீரென்று எகிறினால் அடக்கும் டிவிஎஸ் டையோடும் கட்டாயம். காரின் மின்சாரம் சுத்தமானது இல்லை.

படி 4: ஆர்பிஎம் சிக்னல்

டேக்கோ லைன் (ஆர்பிஎம் மீட்டருக்குப் போகும் வயர்) இருந்தால் அதை ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தி இரு பக்கத்தையும் பிரிக்கும் சிப்) வழியாக எடுங்கள். இக்னிஷன் காயிலின் நெகட்டிவ் வயரில் நூற்றுக்கணக்கான வோல்ட் துள்ளும். வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் அதைத் தொடுங்கள், நேராக ஆர்டுயினோவில் ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

நான்கு சிலிண்டர் டேக்கோவில் வழக்கமாக ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு. இரண்டு துடிப்புக்கு இடையிலான மைக்ரோ செகண்டை அளந்து, 3 கோடியை அதால் வகுத்தால் ஆர்பிஎம். 4,800 ஆர்பிஎம்மில் இடைவெளி 6,250 மைக்ரோ செகண்டு வரும். 3,000 மைக்ரோ செகண்டுக்குக் குறைவான இடைவெளியை இரைச்சல் என்று தள்ளிவிடுங்கள். அரை செகண்டு துடிப்பே இல்லையென்றால் அவுட்புட்டை அணையுங்கள்.

திறக்கும் வேகமும் மூடும் வேகமும் ஒன்றாக இருக்கக் கூடாது. 4,800-இல் திறந்தால் 4,500-இல் மூடட்டும். படி 1-இல் வேக்குவம் இழுத்து மூடும் வகை என்று கண்டால், திறக்க அவுட்புட்டை அணைக்க வேண்டும்; இழுத்துத் திறக்கும் வகையில் ஆன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேகத்தில் ஓட்டும்போது வால்வு படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும்.

படி 5: எந்த ஆர்பிஎம்?

ஹோண்டாவின் பி18சி இன்ஜினில் ஐஏபி 5,750-ஐ ஒட்டித் திறக்கும் என்பதால் உங்கள் இன்ஜினுக்கும் அதையே வைக்காதீர்கள். கேம், எக்ஸாஸ்ட் மாறினால் இந்த எண்ணும் மாறும். வால்வை மூடியே வைத்து டைனோவில் (டார்க்கை அளக்கும் மெஷின்) ஒரு ஓட்டம், திறந்தே வைத்து இன்னொரு ஓட்டம். இரண்டு டார்க் கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் உங்கள் எண். சரியாக அமைந்துவிட்டால் மாறும்போது ஒரு தள்ளல்கூடத் தெரியாது. சுரீரென்று ஒரு உதை வருகிறது என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. அந்த உதைக்கு அர்த்தம் வால்வு தாமதமாகத் திறக்கிறது என்பதே.

பிறகு சேர்த்தது

ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள இன்ஜினில் ஆர்பிஎம் கால்பங்கு காட்டுகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஒரே காயிலின் சிக்னலை எடுத்தால் இரண்டு சுற்றுக்கு ஒரு துடிப்புதான் வரும். 3 கோடிக்குப் பதில் 12 கோடி போடுங்கள், இரைச்சல் வரம்பையும் 12,000 ஆக்குங்கள்.

வால்வு திறந்ததும் கலவை லீன் ஆகிறது (காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை) என்ற கேள்வியும் வந்தது. காற்றை நேரடியாக அளக்கும் சென்சார் இருந்தால் இந்தச் சிக்கல் அநேகமாக வராது. மேப் சென்சாரை (மேனிஃபோல்டு அழுத்தத்தை அளப்பது) வைத்துக் கணக்கிடும் ஈசியூ என்றால், விஇ டேபிளில் (சிலிண்டர் எவ்வளவு நிரம்புகிறது என்று ஈசியூ வைத்திருக்கும் அட்டவணை) திறக்கும் எண்ணுக்குச் சற்று முன்னும் பின்னும் ஒவ்வொரு ஆர்பிஎம் வரிசை வைத்து, இரண்டையும் தனித்தனியாக ட்யூன் செய்ய வேண்டும்.